நண்பர் எடுத்த படத்தில் குறை தெரிந்தால் எப்படிச் சொல்வது?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு கிளம்புவோம். யாருக்கும் இது தொழில் இல்லை. எடுத்ததை அன்று மாலையே ஒரு நண்பர் வீட்டு லேப்டாப்பில் போட்டுப் பார்ப்போம். எல்லாப் படத்துக்கும் எல்லோரும் 'செம' என்கிறோம். யாரும் முன்னேறியதாகத் தெரியவில்லை. போன மாதம் ஒருவர் படத்தில் குறை சொன்னேன். முகம் வாடிவிட்டது, அப்புறம் அவர் வரவே இல்லை. குழுவில் மூத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரிடம் என்ன சொல்வது என்று தயக்கமாக இருக்கிறது. மனம் நோகாமல், உபயோகமாகவும் கருத்துச் சொல்ல என்ன வழி?

பதில்: உங்கள் குழுவுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. நீங்கள் படமெடுக்கும் இடமெல்லாம் கைக்கெட்டும் தூரம். தாராசுரமோ, தஞ்சைப் பெரிய கோவிலோ, ஊர் எல்லையில் உள்ள நடவு வயலோ, அடுத்த வாரமே மறுபடி போகலாம். அதனால் நான் சொல்கிற அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் சொன்னதைக் கேட்டவர் அதே இடத்துக்குத் திரும்பப் போனால், எதையாவது மாற்றிச் செய்து பார்க்க முடிய வேண்டும்.

பெரிய கோவில் விமானத்தை ஒருவர் மாலையில் எடுத்திருக்கிறார், கல்லெல்லாம் இருண்டு கிடக்கிறது என்று வையுங்கள். 'லைட்டிங் சரியில்லை' என்றால் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கோவில் கிழக்குப் பார்த்தது. மாலையில் வாசல் பக்கமிருந்து எடுத்தால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் இருக்கும். 'காலையில வந்தீங்கன்னா முகப்பு மேல வெயில் விழும். சாயங்காலம்தான் முடியும்னா மேற்குப் பக்கம் போய் நின்னு பாருங்க' என்று சொல்லுங்கள். அவர் கட்டாயம் போய்ப் பார்ப்பார்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வானத்துக்கு எதிரே கறுப்பு உருவமாகத்தான் அவர் எடுக்க நினைத்திருந்தால்? 'இதுல எதைக் காட்டணும்னு நினைச்சீங்க?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அப்புறம் உங்கள் கண் முதலில் எங்கே போனது என்பதைச் சொல்லுங்கள். இன்னொருவர் வயல் படத்தில் நடவு நடுகிற அம்மாவின் கையைக் காட்ட நினைத்திருப்பார். உங்கள் கண் வரப்பில் கிடக்கும் நீலப் பிளாஸ்டிக் குடத்துக்குப் போயிருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே என்ன செய்வது என்று பாதி புரிந்துவிடும். இதில் நீங்கள் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னீர்கள். அதனால் கேட்பவருக்கும் கோபம் வராது.

'ஷார்ப்பா இல்லை' என்பதுதான் அமெச்சூர் குழுக்களில் நான் அதிகம் கேட்கும் குறை. அது பாதிக் கருத்துதான். மங்கல் எப்படி வந்தது என்று படமே சொல்லும். படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. 200 எம்.எம். லென்ஸ் என்றால் ஷட்டர் வேகம் குறைந்தது 1/200 விநாடி வேண்டும், சின்ன சென்சார் கேமராவுக்கு இன்னும் வேகமாக. வயல் தெளிவாக இருந்து கொக்கு மட்டும் இழுபட்டிருந்தால் பறவையின் வேகத்துக்கு ஷட்டர் போதவில்லை. 1/1600 பக்கம் போகச் சொல்லுங்கள். கொக்கு மங்கலாக, பின்னால் உள்ள தென்னை தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. படத்தின் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) விவரங்களைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தை வைத்து இதையெல்லாம் பேசவே கூடாது. அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சேடை ஓட்டும், அதாவது நடவுக்கு முன் வயலைச் சேறாக்கி உழும், டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் இறங்குவது நம் ஊரில் எல்லோரும் எடுக்கும் படம். அதில் கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாகிப் போவதும் எல்லோருக்கும் நடப்பது. கறுத்த சேற்றைப் பார்த்த கேமரா மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கிவிடுகிறது. இறகின் வரிகள் போய்விடுகின்றன. கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 1 வரை குறைத்து எடுக்கச் சொல்லுங்கள். இது யார் ரசனையையும் தொடாத விஷயம், தயங்காமல் சொல்லலாம்.

விதிகளைச் சொல்லும்போதுதான் நிதானம் வேண்டும். டெல்டா தட்டையான பூமி. அடிவானம் கொஞ்சம் சாய்ந்தாலும் பளிச்சென்று தெரியும். அதைச் சொல்லுங்கள், லேப்டாப்பிலேயே நிமிர்த்திவிடலாம். ஆனால் 'அடிவானம் நடுவில் வரக்கூடாது' என்று யாரையும் அடிக்காதீர்கள். குறுவைக்குத் தண்ணீர் கட்டிய வயலில் வானம் அப்படியே தெரியும்போது, நடுக்கோடுதான் அந்தப் படத்துக்கு அழகு. திருவாரூர் ஆழித் தேரை மேல்பாதி மட்டும் எடுத்துவந்தவரிடம் மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றி (முக்கியமானதை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வை என்பது) பேசி என்ன பயன்? வடம் பிடிக்கும் ஆட்கள் ஃபிரேமில் இல்லாவிட்டால் 96 அடித் தேரின் உயரம் தெரியாது, அதைச் சொல்லுங்கள்.

ஒரு படத்துக்கு ஒரு குறை போதும். ஐந்தைப் பட்டியல் போட்டால் எதுவும் மனதில் நிற்காது. க்ராப் செய்து காட்டுவதானால் மவுஸை அவர் கையிலேயே கொடுங்கள். கேட்காமல் அடுத்தவர் படத்தை எடிட் செய்வது எனக்குப் பிடிக்காத பழக்கம். அவருடைய கலர் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், அது உங்கள் ரசனை என்று சொல்லியே சொல்லுங்கள்.

வயலில் வேலை செய்கிறவரை அனுமதி இல்லாமல், சங்கடமான கோணத்தில் எடுத்த படம் வந்தால் மட்டும் பூசி மெழுக வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு நேராகச் சொல்லிவிடுங்கள்.

வராமல் போன நண்பருக்குப் போன் போடுங்கள். எல்லோர் முன்னாலும் சொன்னதுதான் அவரை உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு முதல் படம் உங்களுடையதாக இருக்கட்டும். அதை முதலில் பார்த்துச் சொல்லும்படி அவரையே கேளுங்கள். ஆசிரியரிடமும் அதே வழிதான். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தனியாக, 'சார், இந்த இடத்துல வெயில் எந்தப் பக்கம் இருந்துச்சு?' என்று ஆரம்பியுங்கள். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவருக்கு உங்கள் கேள்வி எங்கே போகிறது என்று உடனே புரியும்.

அப்புறம், ஆளுக்கு இரண்டு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது படம் ஓடினால் 'செம' சொல்லத்தான் நேரம் இருக்கும்.