சிறுநீரகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவினால் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு இரண்டும் எதற்கு?

கதிர்வீச்சு மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சிறுநீரகப் புற்று, வழக்கமான சிறு அளவுக் கதிர்களுக்கு எளிதில் பணியாது. துல்லியமாகக் குவித்த உயர் அளவுக் கதிர்வீச்சு தேவை. கட்டி தண்டுவடத்தை ஒட்டி அழுத்தும்போது அந்த அளவைக் கொடுத்தால் தண்டுவடமே சேதமாகும். அதனால் கட்டி முழுவதையும் அகற்ற முயலாமல், தண்டுவடத்தைச் சுற்றி 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி உண்டாக்கி, வலுவிழந்த எலும்பைத் திருகுகளால் நிலைப்படுத்துகிறார்கள். இந்தக் கட்டியில் ரத்த ஓட்டம் மிக அதிகம். ஆகவே அறுவைக்கு முன்பே அதன் ரத்தக்குழாய்களை அடைத்துவிடுவது வழக்கம். காயம் ஆறியதும், பெரும்பாலும் சில வாரங்களில், கதிர்வீச்சு.

பல வகைப் புற்றுநோயாளிகளிடம் நடந்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டும் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57. கால் வலுவிழந்தாலோ சிறுநீர் வெளியேறாமல் நின்றாலோ, தயவுசெய்து அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.