முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக், மனைவியின் நகையை விற்றா அதைக் கட்டினார்? அவருடைய குடும்பம், நண்பர்கள் பற்றிச் சொல்ல முடியுமா?

நகைக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பாதி கட்டிய அணை வெள்ளத்தில் போனது, சர்க்கார் கையை விரித்தது, சீமைக்குப் போய்ச் சொத்தையும் மனைவி நகையையும் விற்றுவந்து மீதியைக் கட்டினார் என்று கம்பத்திலிருந்து மேலூர் வரை சொல்வார்கள். எங்கள் அப்பத்தா, பக்கத்தில் நின்று நகையைக் கழற்றிக் கொடுத்தது மாதிரியே சொல்லும். ஆதாரம் கிடையாது. முல்லைப் பெரியாறு, சென்னை மாகாண அரசு தன் செலவில் 1887 முதல் 1895 வரை கட்டிய அணை.

உண்மைக் கதைக்கே கனம் அதிகம். அவருடைய அப்பா பெயரும் ஜான் பென்னிகுவிக்தான், ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13 அன்று, பஞ்சாபில் சீக்கியர்களோடு நடந்த சிலியன்வாலா போரில் அவர் இறந்தார். அப்பாவின் உடலை விட்டு நகராமல் நின்ற அண்ணன் அலெக்சாண்டரும் அங்கேயே செத்தான். பதினேழு வயசுப் பையன். நம்மவருக்கு எட்டு வயது முடிய அப்போது இரண்டே நாள். தேனிப் பக்கம் அவர் பிறந்தநாள் என்று பொங்கல் வைத்துக் கொண்டாடும் அந்த ஜனவரி 15க்கு முந்தாநாள், அவர் வீட்டில் இரண்டு பேரின் நினைவுநாள்.

1879இல் கிரேஸ் ஜார்ஜியானா சேமியரை மணந்தார். ஐந்து பெண்கள், ஒரே பையன். பையன் பெயர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் சார்லஸ்; நடுவில் அண்ணன் பெயர் இருக்கிறது பாருங்கள். அவரும் ராணுவப் பொறியாளர். ஆனால் பேர் வாங்கியது பாலத்தைத் தகர்த்து! முதல் உலகப் போரில், 1914இல் பிரான்சில் பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது, ரோஜர் வெஸ்ட் என்ற அதிகாரியின் மோட்டார் சைக்கிளில் வெடிமருந்தோடு ஏறிப்போய், ஜெர்மன்காரர்கள் வருவதற்குள் போன்ட்வாஸ் பாலத்தை உடைத்துவிட்டு வந்தார்கள்.

கூட்டாளிகள் என்றால் மெக்கன்சியைச் சொல்ல வேண்டும். பெரியாற்றில் கூட வேலை பார்த்த பொறியாளர். 1899இல் திட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதினார். அணை கட்டிய கதையை இன்று யார் சொன்னாலும் பெரும்பாலும் அவரிடம் எடுத்ததுதான். அப்புறம் கிரிக்கெட், அதில் பென்னிகுவிக்குக்கு நல்ல ஈடுபாடு.

இன்னொன்று. மதுரையில் கலைஞர் நூலகத்துக்காக இடித்த கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு என்று 2021இல் பெரிய சண்டை நடந்தது. அது 1912இல் தொடங்கி 1913இல் கட்டி முடித்த கட்டடம் என்றது அரசு. அவர் இங்கிலாந்தில் 1911 மார்ச் மாதமே இறந்துவிட்டார். கணக்கு அங்கேயே உதைக்கிறது.