குழந்தைக்காகச் சேர்த்த பணத்தில் வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. நான்கு மாதங்களுக்கு முன்பு, எட்டாவது மாதத்தில், எங்கள் குழந்தை இறந்தே பிறந்தது. பதினைந்து நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பிரசவத்துக்கும், அதன் பிறகு நான் கொஞ்ச காலம் வேலைக்குப் போகாமல் இருப்பதற்கும் என்று ஐந்து மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்திருந்தோம். அது போக, அவசரத்துக்கு மூன்று மாதச் செலவுப் பணம் இருக்கிறது. வீட்டுக் கடன் ஓடுகிறது, எங்கள் இருவர் சம்பளமும் ஏறக்குறைய சமம், கடனும் செலவும் போக மிச்சம் அதிகம் இல்லை. அந்தக் கணக்கைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு மாதம் வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் தொண்டு செய்யப் போகலாம் என்று நினைக்கிறேன். ஏற்பாடு செய்யும் நிறுவனம் கேட்கும் கட்டணம் எங்களுடைய மூன்று மாதச் செலவு அளவுக்கு வருகிறது. அதில் பத்து சதவீதம் முன்பணம் கட்டிவிட்டேன். "இது ஓடி ஒளிவது, பணமும் கரைந்துபோகும்" என்கிறார் கணவர். போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் இந்த நிறுவனம் வேண்டாம், இந்த வேலை வேண்டாம், ஆறு மாதமும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் கட்டணம் பற்றிய வரி இல்லை. "அந்தக் கணக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. செலவழிக்க வேண்டும் என்ற ஆசையில் பாதி, அந்தப் பணம் கண்ணில் படாமல் போனால் போதும் என்ற ஆசையாக இருக்கலாம். அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. அந்தக் கணக்கை மூடிவிடுங்கள். தொகையை உங்கள் இருவர் பெயரிலும் ஒரு குறுகிய கால வைப்பில் போடுங்கள், அதற்கு எந்தப் பெயரும் வைக்காதீர்கள். மாதாமாதம் தானாகப் போகிற தொகை இருந்தால் நிறுத்துங்கள், குழந்தைக்கு என்று தொடங்கிய காப்பீடோ சந்தாவோ இருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள், அதற்கான போன் அழைப்புகளை மட்டும் கணவரையோ நெருங்கிய ஒருவரையோ செய்யச் சொல்லுங்கள். வாழ்த்துச் சொல்லி வருகிற விளம்பர மெயில்கள்கூட அதோடு குறையலாம். இதைச் செய்த பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால், அந்த ஆசை பணத்தைப் பற்றியது இல்லை, நிஜமாகவே போவதைப் பற்றியது என்று நீங்களும் நம்பலாம், நானும் நம்புகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் ஒரு மாதக் குடும்பச் செலவை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது எட்டுப் பங்கு. நிறுவனத்துக்கு மூன்று. விமான டிக்கெட், விசா, தடுப்பூசி, காப்பீடு, கைச்செலவு எல்லாம் சேர்த்துக் குறைத்துப் போட்டாலும் ஒன்று. இங்கேதான் பெரும்பாலானவர்கள் கணக்கை முடித்துவிட்டு "நாலு பங்குதானே" என்பார்கள். ஆறு மாதம் உங்கள் சம்பளம் வராது, ஆனால் இஎம்ஐ நிற்காது. இருவர் சம்பளமும் சமம், மிச்சமும் அதிகம் இல்லை என்றால், நீங்கள் இல்லாத ஒவ்வொரு மாதமும் அரைப் பங்கு ஓட்டை விழும், ஆறு மாதத்துக்கு மூன்று. ஆக மொத்தம் ஏழு பங்கு போய், வீட்டில் மிஞ்சுவது ஒரே ஒரு மாதச் செலவு. திரும்பி வந்ததும் வேலை கிடைக்காமல் இரண்டு மாதம் இழுத்தால் கடன் அட்டைதான் கதி. உங்கள் கணவர் "பணமும் கரைந்துபோகும்" என்றது இதைத்தான் என்றால் அவர் கணக்கு சரி. "ஓடி ஒளிவது" என்றதை நான் ஏற்கவில்லை, அது அவர் துக்கம் பேசுவது. இழந்தவர் அவரும்தான். இந்தப் பதிலை அவரிடம் தீர்ப்புபோல நீட்ட வேண்டாம்.

இப்போது அந்த மூன்று பங்கு கட்டணத்தைப் பாருங்கள். தங்குமிடம், சாப்பாடு, விமான நிலையத்தில் அழைத்துப்போவது, ஒரு அறிமுகப் பயிற்சி, உள்ளூரில் ஒரு ஒருங்கிணைப்பாளர், மீதி எல்லாம் விளம்பரமும் லாபமும். எத்தனை சதவீதம் நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்துக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். போன வருடம் இந்த வேலையை யார் செய்தார்கள், நீங்கள் கிளம்பிய பிறகு யார் செய்வார்கள் என்றும் கேளுங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்களா? குழந்தைகளோடு வேலை என்று சொல்லிவிட்டு அதைக் கேட்காத நிறுவனம் அந்தக் குழந்தைகளைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

காப்பகத்தைப் பற்றிச் சொல்ல எனக்கே கை வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குப் பெற்றவர்களில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்பு 2009இல் எழுதியது. அவர்களை அங்கே கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் வறுமை. சில இடங்களில், கட்டணம் கட்டி வரும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களுக்குக் காட்டுவதற்காகவே குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமை முறைக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது இதுவும் அந்த விவாதத்தில் முக்கியமாகப் பேசப்பட்டது. நல்லபடியாக நடக்கிற இல்லத்திலும்கூட, சில மாதம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுக் கிளம்பிப் போகும் பெரியவர்கள் வரிசையாக வந்து போவது அந்தக் குழந்தைகளுக்கு நல்லதில்லை. ஒரு குழந்தையோடு ஒட்டிக்கொண்டு ஆறாவது மாதம் விட்டுவிட்டு வருவது உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஏற்கெனவே இழந்தவரிடம் அந்த நிறுவனம் கைக்குழந்தைகளின் படத்தை வைத்து விற்கிறது என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்புறம் எங்கே போவது? காசு கட்டாமலே போகிற வழிகள் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் அமைப்பு 1970இல் தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரத்தில். அதன் வழியாகப் போகிறவர்கள் கட்டணம் கட்டுவதில்லை, அவர்களுக்கு மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கான படி வரும், காப்பீடும் உண்டு. ஆனால் உங்கள் வயதில் வேலை அனுபவம் பார்த்துத்தான் எடுப்பார்கள், அழைப்பு வரக் காலமும் ஆகும். இதே அமைப்பில் வீட்டிலிருந்தபடி இணையத்தில் செய்கிற வேலைகளும் உண்டு: மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவு சரிபார்ப்பு மாதிரி, வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம், 12 வாரம் வரை. வெளிநாட்டுக்குப் போகும் முன் இதில் ஒன்றை எடுத்துச் செய்து பாருங்கள் என்பேன். செலவு பூஜ்யம். மற்றவர்களுக்கு உழைப்பது இப்போது உங்களைத் தாங்குகிறதா, இன்னும் களைப்பாக்குகிறதா என்பது ஒரு மாதத்திலேயே தெரிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தொண்டுத் திட்டம் ஒன்று போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் கொடுக்கிறது, ஆனால் பெரும்பாலான இடங்களுக்கு 18 முதல் 30 வயது வரைதான், உங்களுக்கு மூன்று வயது கூடிவிட்டது.

என் சொந்த விருப்பம் வூஃப் (WWOOF) வகைப் பண்ணைத் தொண்டு. 1971இல் இங்கிலாந்தில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கிறது. சிறிய உறுப்பினர் சந்தா, நாளுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் இயற்கை விவசாயப் பண்ணையில் வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். யாரும் உங்களை நம்பி ஒட்டிக்கொள்ள மாட்டார்கள், முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்லலாம், ஒத்துவரவில்லை என்றால் பேசிவிட்டு அடுத்த வாரமே கிளம்பலாம், கணவர் நடுவில் இரண்டு வாரம் வந்து சேர்ந்துகொள்ளலாம். இது உலகத்தை மாற்றுகிற வேலை இல்லைதான். இப்போதைக்கு உடம்பு அசந்து தூக்கம் வந்தால் அதுவே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன், நீங்கள் வேறுமாதிரி நினைக்கலாம்.

இந்த வழியில் இரண்டு மாதம், மூன்று மாதம் போனால் செலவு எப்படி? சந்தாவும் கைச்செலவும் அரைப் பங்கு, டிக்கெட்டும் காப்பீடும் ஒன்று, மூன்று மாதச் சம்பள இழப்பு ஒன்றரை. மொத்தம் மூன்று. பிரசவத்துக்கென்று சேர்த்த ஐந்தில் இரண்டு மிஞ்சும், அவசரப் பணத்தைத் தொடவே வேண்டாம். இதற்காகத் தனிநபர் கடன் வாங்கும் யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. பதினைந்து நாளில் வேலைக்குத் திரும்பினேன் என்கிறீர்கள். உங்களுக்கு உரிமையான விடுப்பை முழுதாக எடுத்தீர்களா? உலகில் வருடத்துக்குச் சுமார் 19 லட்சம் குழந்தைகள் இறந்து பிறக்கின்றன என்கிறது ஐநா கணக்கு, ஆனால் வேலையிடங்களில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் சட்டம் கொடுத்ததைக்கூடக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். பிரிட்டனில் 24 வாரம் தாண்டி இறந்து பிறந்தாலும் பேறுகால விடுப்பு முழுதாக உண்டு, அதோடு 2020 ஏப்ரலிலிருந்து தாய் தந்தை இருவருக்கும் இரண்டு வாரத் துக்க விடுப்பும் சேர்ந்தது. நியூசிலாந்து 2021இல் கருச்சிதைவுக்கும் மூன்று நாள் சம்பள விடுப்பு கொடுத்தது. உங்கள் நாட்டில் என்ன, உங்கள் ஒப்பந்தத்தில் என்ன, கேட்பதற்குக் கெடு ஏதும் உண்டா என்று மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். நான்கு மாதம் ஓடிவிட்டது, இனியும் தள்ளாதீர்கள். மருத்துவக் காப்பீட்டில் பிரசவச் செலவுக்கான க்ளெய்ம் போட்டீர்களா என்றும் பாருங்கள், அந்தக் காகிதங்களைத் திறக்க மனம் வராமல் பலர் விட்டுவிடும் பணம் அது. கிடைக்கிற சம்பள விடுப்பு எத்தனை நாளானாலும் அத்தனையும் உங்கள் பயணத்துக்கான பணம்தான். மீதியைச் சம்பளமில்லா விடுப்பாகக் கேளுங்கள். ராஜினாமா கடிதம் மட்டும் எழுத வேண்டாம், திரும்பி வர ஒரு நாற்காலி இருக்கட்டும்.

ஆறு மாதம் வேண்டாம் என்றதற்குச் சம்பளத்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. பல நாடுகளில் 183 நாள் தாண்டினால் வரி வசிப்பிடம், அதாவது எந்த நாட்டுக்கு வரி கட்ட வேண்டும் என்பது, மாறலாம், ஆறு மாதம் அந்தக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் சுற்றுலா விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும். சில நாடுகள் சம்பளமில்லாத தொண்டையும் வேலையாகவே கணக்கிடுகின்றன, சுற்றுலா விசாவில் போய் மாட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விசா விதியைத் தூதரகத்திடமே கேளுங்கள், ஆள் சேர்க்கிற நிறுவனத்திடம் கேட்காதீர்கள்.

பயணக் காப்பீட்டில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். உடலுழைப்பு வேலைக்குப் பாலிசி செல்லுமா, மனநலச் சிகிச்சைக்கு இடம் உண்டா, அவசர மருத்துவ வெளியேற்றம், அதாவது நோயாளியை வேறு இடத்து மருத்துவமனைக்கோ ஊருக்கோ கொண்டுபோகும் செலவு, சேர்ந்திருக்கிறதா. நான்கு மாதம் முன்பு நடந்ததை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், மறைத்தால் க்ளெய்ம் நிராகரிக்க அதுவே காரணமாகும். "மனசு சரியில்லை, திரும்பி வந்துவிட்டேன்" என்பதற்குச் சாதாரண பாலிசி எதுவும் பணம் தராது, அதனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே வாங்குங்கள், கூடுதலாகக் கொடுக்கிற காசு வீண் போகாது. குழந்தை பிறந்திருக்க வேண்டிய தேதி, இறந்த தேதி, இவை ஊரில் இல்லாதபோது வருகின்றனவா என்று காலண்டரில் பார்த்துவிட்டுப் பயணத் தேதியைப் போடுங்கள்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை, எனக்குச் சொல்லவும் வேண்டாம். இருந்தால் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். கருவைப் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸ் பரவும் இடத்துக்குப் போய் வந்தால், குழந்தைக்கு முயற்சி செய்யும் முன் பெண்கள் இரண்டு மாதம், ஆண்கள் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள், கணவர் நடுவில் வந்து போனால் அவருக்கும் இது பொருந்தும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டால் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். மலேரியா மாத்திரைகளில் சிலவும் கர்ப்பத்துக்கு ஆகாது. இடம் மாறினால் செலவும் மாறும், அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

கடைசியாக அந்தப் பத்து சதவீத முன்பணம். அது போய்விடும் என்பதற்காக மீதித் தொண்ணூறையும் கட்டாதீர்கள். இணையத்தில் பதிவு செய்தவற்றில் சிலவற்றை இத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, ஒப்பந்தத்தில் ரத்து விதி எங்கே என்று தேடுங்கள். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமும் கேட்கலாம். ரத்துக் கடிதத்தில் காரணம் விளக்க வேண்டியதில்லை. பெயர், பதிவு எண், தேதி, "ரத்து செய்கிறேன், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும்" என்று நான்கு வரி போதும். இந்த வாரமே அனுப்புங்கள், அடுத்த தவணைக்கு அவர்கள் நினைவூட்டல் அனுப்பும் முன்.