ஸ்பைடர் லில்லி, அமரில்லிஸ் இலைகளைப் புழு மொட்டையடிக்கிறது. மருந்து அடித்தாலும் சில வாரத்தில் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

இது லில்லிப் புழு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் ஆரஞ்சுச் சிவப்புத் திட்டும் இருக்கும். செங்காந்தளையும் விட்டுவைக்காது. இணையத்தில் தேடினால் வரும் சிவப்பு வண்டு ஐரோப்பா, வட அமெரிக்காத் தோட்டங்களின் தொல்லை. அந்தக் குறிப்புகள் இங்கே உதவாது.

மருந்தைவிட, எப்போது பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். தாய் அந்துப்பூச்சி இலையின் அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சின்ன முட்டைகளைக் கும்பலாக இடும். பொரிந்த குஞ்சுப்புழுக்கள் ஒன்றாக இருந்து பச்சையத்தை மட்டும் சுரண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடித்தாள் மாதிரி தெரியும். அந்த இலைத் துண்டை அப்போதே வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் வேலை முடிந்தது. மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை இலைகளைத் திருப்பிப் பாருங்கள்.

வளர்ந்த புழு என்றால் கையால் பொறுக்குவதே நிச்சயமான வழி. தொட்டவுடன் சுருண்டு கீழே விழும், அதனால் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு தட்டுங்கள். இலைச்சாறு சிலருக்கு அரிக்கும், கையுறை நல்லது.

சின்னப் புழுவுக்கு வேப்பெண்ணெய் கேட்கும். 5 மில்லி எண்ணெயை 2 மில்லி காதி சோப்புக் கரைசலோடு முதலில் நன்றாகக் குழைத்து, பால் போல வெளுத்த பிறகு 1 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். நேரடியாகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதக்கும். ஒரு இலை கருகும், அடுத்த இலைக்கு மருந்தே போகாது. மாலை 5 மணிக்கு மேல் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடித்து, 7 நாளில் மறுபடி அடியுங்கள். கலக்கியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள். இதற்கு அடங்கவில்லை என்றால் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற பாக்டீரியாப் பொடி, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம். புழு அதைத் தின்றால்தான் சாகும். தின்பதை உடனே நிறுத்திவிடும், சாக 2, 3 நாள் ஆகும். அதற்குள் பலிக்கவில்லை என்று வேறு மருந்துக்குத் தாவ வேண்டாம்.

திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் மண். தின்று முடித்த புழு தொட்டி மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. இலையில் அடிக்கும் எதுவும் அதைத் தொடாது. புழு ஓய்ந்ததும் மேல்மண்ணை 2 அங்குலம் கிளறி, மண் உருண்டைக்குள் இருக்கும் பழுப்புக் கூடுகளைப் பொறுக்குங்கள். அள்ளிய மண்ணைச் சிமெண்டுத் தரையில் பரப்பி நல்ல வெயிலில் காயவிட்டுத் திரும்பப் போடலாம்.

இலை முழுக்கப் போனாலும் கிழங்கைப் பிடுங்கிவிடாதீர்கள். கிழங்கின் கழுத்தை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீரைக் குறைத்துவிட்டுக் காத்திருங்கள், புது இலை வரும். அடுத்த பூ மட்டும் குறையலாம். கொழகொழவென்று நாறினால் அழுகல் உள்ளே இறங்கிவிட்டது. வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் பாக்டீரியாப் பொடி) கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, 2 நாள் நிழலில் உலர்த்தி, கழுத்து மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள்.

அமரில்லிஸ் இலையிலும் பூத்தண்டிலும் சிவப்புக் கோடும் திட்டும் வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சாணம். அதற்குப் பூச்சிமருந்து வீண். அந்த இலையை வெட்டிவிட்டு, தண்ணீரை இலைமேல் படாமல் மண்ணில் ஊற்றுங்கள்.