கேளுங்க சொல்றேன்: ஸ்கைரிம் இப்ப வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, நான் கம்பம், காலேஜ் ரெண்டாவது வருஷம். ஸ்கைரிம்ங்கற வீடியோ கேம் ஆஃபர்ல வந்திருக்கு. குமுளில இருக்கற மாமா பையன் 'கதையே கிடையாதுடா, காசு தண்டம்'ங்கறான், ரூம்மேட்டு அதுக்கு மேல ஒரு கேமே இல்லைங்கறான். யாரை நம்ப?

பதில்: ரெண்டு பேருமே பொய் சொல்லல தம்பி. மெயின் கதை சுமார்தான், செத்துப்போன டிராகனெல்லாம் எந்திரிச்சு வருது, அதை அடக்கப் பிறந்தவரு நீங்க, அவ்ளோதான். ஆனா அந்தக் கதைக்காக யாரு ஆடுறா? நான் கூடலூர்க்காரன், சின்ன வயசுல மொட்டை மாடில நின்னா எதுக்க மலை, இருட்டு பிரியறதுக்குள்ள ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புங்க லைட்டைப் போட்டுட்டு வளைஞ்சு வளைஞ்சு ஏறும், அந்தப் பக்கம் என்ன இருக்கோன்னு மனசு அரிக்கும். ஸ்கைரிம் அந்த அரிப்பைப் பிடிச்சு வச்சிருக்கு. தூரத்துல தெரியற மலைக்கு நெசமாவே நடந்து போலாம். ஹை ஹ்ராத்கர் மடத்துக்கு ஏறும்போது அடிவாரத்து ஊர்ல ஒருத்தர் 'அப்படியே இந்த சாப்பாட்டுச் சாமானையும் மேல குடுத்துருங்க'ன்னு பைய நீட்டுவாரு, பாதி வழில பனி ட்ரோல்ங்கற ராட்சச மிருகம் ஒண்ணு வந்து நம்மள துவைச்சு எடுக்கும். பேரு என்னவோ 7,000 படி, எண்ணினா ஆயிரம்கூட தேறாது (பழனிக்கே 693 படி இருக்கு!).

சரி, குறைக்கு வரேன். முதல் குகைல தங்க நகம் (விரலோட முழுப் பாதம் மாதிரி இருக்கும்) ஒண்ணு கிடைக்கும், கதவுல மூணு வளையம், என்ன வரிசைல திருப்பணும்னு நான் ஒரு மணி நேரம் முழிச்சேன், கடைசில பார்த்தா அந்த நகத்தோட உள்ளங்கையிலேயே கரடி, பூச்சி, ஆந்தைன்னு செதுக்கி வச்சிருக்கான்! அன்னிக்கு அசந்து போனேன். அப்புறம் இன்னொரு குகை, இன்னொரு நகம், அதே கதவு, டிராகர்ங்கற அதே நடமாடற பொணம் பெட்டிலேர்ந்து எந்திரிக்குது. பத்தாவது தடவ கொட்டாவிதான் வருது. அதைவிடக் கடுப்பு, உலகத்தையே அழிக்க வந்த ஆல்டுவின்ங்கற டிராகனை அடிச்சுட்டு ஊருக்குள்ள வந்தா காவலாளி 'என்ன மூஞ்சி வாடியிருக்கு, ஸ்வீட் ரோலை யாரும் திருடிட்டாங்களா'ங்கறான். நம்ம என்ன செஞ்சாலும் ஊரு கண்டுக்காது, எனக்கு பெரிய குறை இதுதான். மந்திரம் ரெண்டு மூணு தெரிஞ்சா மந்திரக் கல்லூரிக்கே தலைவராயிடலாம், உங்க காலேஜ்ல நடக்குமா சொல்லுங்க.

வாங்கறதுன்னா 2011ல வந்த பழசு வேணாம், 2016ல வந்த ஸ்பெஷல் எடிஷன் வாங்குங்க. அது 64 பிட், மாட் (ரசிகருங்க செஞ்சு விடற கூடுதல் மாற்றங்கள்) நிறையப் போட்டாலும் பழசு அளவுக்கு படுத்துக்காது. லேப்டாப்ல 8 ஜிபி ராம் இருக்கான்னு மட்டும் முதல்ல பாத்துக்குங்க.

கேள்வி: ஸ்கைரிம்ல மந்திரவாதியா ஆரம்பிச்சாலும் நான் கடைசில வில்லை எடுத்துட்டு ஒளிஞ்சு நின்னுதான் அடிக்கறேன், எனக்கு மட்டும்தான் இப்படியா? (செங்கோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி)

பதில்: எல்லாருக்கும் இதே கதிதாம்மா. இதுல எதைச் செய்யறோமோ அந்தத் திறமைதான் ஏறும், ஒளிஞ்சு நின்னு விடற அம்புக்கு டேமேஜ் ரெண்டு மடங்கு, அந்த ருசி கண்டுட்டா கை வேற பக்கம் போவாது. நான் மூணு தடவ புதுசா ஆரம்பிச்சேன், மூணாவது தடவ வில்லை வித்தே தொலைச்சேன், அடுத்த குகைல பெட்டியத் திறந்தா உள்ள ஒரு நல்ல வில்லு.