கிழமையைப் பார்த்துக் கிளம்புங்கள்: அண்ணாச்சியின் பயணக் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் 26 ஆண்டுகள் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தவன் நான். அதனால் தெருக்காரர்கள் தங்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதி என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். சேர்ந்த சீட்டுகளுக்கு மொத்தமாக இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். ரயில் நேரமும் நுழைவுக் கட்டணமும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: அண்ணாச்சி, நான்கு பேர், ஐந்து நாள், டெல்லியும் ஆக்ராவும். எந்த இடத்தில் தொடங்கலாம்?

இடத்தில் தொடங்காதீர்கள் தம்பி, கிழமையில் தொடங்குங்கள். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் சகிதம் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து போய், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூட்டிய வாசலில் நின்றவன் நான். ஊருக்கெல்லாம் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற மருமகனுக்குக் கிழமை தெரியவில்லையே என்று மாமியார் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் சிரித்தார். ஆட்டோக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு யமுனைக்கு அக்கரையில் இருக்கும் மேத்தாப் பாக் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து தாஜ்மகாலின் முதுகைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம். அது அழகான முதுகுதான், இல்லையென்று சொல்லவில்லை.

டெல்லியில் சிக்கல் திங்கட்கிழமை. செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம் ஆகிய நான்கும் அன்று மூடியிருக்கும். குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருப்பதால் திங்கட்கிழமைக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ராவில் ஓர் இரவு தங்கிச் சூரிய உதயத்தோடு தாஜ்மகாலுக்குள் நுழைவது உத்தமம். கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு. தங்க முடியாதவர்கள் ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலையில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸில் போகலாம்; ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் ஆக்ரா வந்துவிடும். அந்த ரயிலும் வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை. ரயில்வேக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், உள்ளே கல்லறை மாடத்துக்கு ஏற இன்னொரு 200 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்க முடியாது.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்: மே மாத டெல்லி வெயில் நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்கு அண்ணன். தீபாவளியை ஒட்டிப் புகைமூட்டம்; டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் சுகம். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பீர்கள். காலாண்டுத் தேர்வு விடுமுறையை யோசியுங்கள்.

பாளையங்கோட்டை, மகாராஜ நகர்: அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. எப்போது டிக்கெட் எடுத்தாலும் அப்பாவுக்கு மேல் படுக்கைதான் வருகிறது. ஏன்?

குடும்பத்தில் எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போட்டிருப்பீர்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் இருவருக்கு மேல் இருந்தால் அந்த ஒதுக்கீட்டில் கேட்க முடியாது. அப்பா அம்மா இருவருக்கும் மட்டும் தனி டிக்கெட் எடுங்கள். மற்றவர்களுக்கு வேறொரு டிக்கெட். பெட்டி மாறி விழுந்தாலும் பரவாயில்லை, ஏணி ஏறும் முழங்காலை நினைத்துப் பாருங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. 120 நாள் என்பது 2024 நவம்பரோடு போய்விட்டது. தட்கல் முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புகளுக்கும் 11 மணிக்குப் படுக்கை வகுப்புக்கும் திறக்கும். இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும். அதை அன்று காலை 9:55க்குச் செய்து முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை இன்னும் பலர் கேட்கிறார்கள். அது திரும்ப வரவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து: சென்னைக்கு மூன்று நாள். பிள்ளைகள் மிருகக்காட்சிசாலை கேட்கிறார்கள், நான் மியூசியம் பார்க்க ஆசைப்படுகிறேன்.

வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில்தான் இப்போது நம் பக்கத்து அரசு பஸ்கள் நிற்கின்றன. கோயம்பேடு வரை போகும் என்று நம்பித் தூங்கிவிடாதீர்கள். கிளாம்பாக்கத்துக்கும் வண்டலூருக்கும் கூப்பிடு தூரம். ஆகவே கடைசி இரவு தாம்பரம் பக்கம் தங்குங்கள். மறுநாள் காலையில் பூங்கா திறக்கும்போதே பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு, பிற்பகலில் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளாம்பாக்கத்தில் ஊருக்குப் பஸ் ஏறுங்கள். நகரத்துக்குள்ளிருந்து வண்டலூருக்கு வந்து மறுபடி நகரத்துக்குள் போவது ஒரு நாளைத் தின்றுவிடும்.

எழும்பூரில் வெண்கலச் சிலைக்கூடத்தை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நம் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், அந்தப் பழங்கால இடுகாட்டு மேட்டில், தோண்டியெடுத்த பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. தாமிரபரணிக் கரைக்காரர்கள் அதைப் பார்க்காமல் மெரினாவுக்கு ஓடக் கூடாது. மெரினாவில் பிள்ளைகளைக் கடலில் இறக்கவும் கூடாது. திருச்செந்தூர்க் கரை என்று நினைத்துவிட வேண்டாம், இழுப்பு அதிகம்.

கல்லிடைக்குறிச்சி: மைசூருக்கு இரண்டு நாள் போதுமா?

போதும், ஞாயிற்றுக்கிழமை அதில் இருந்தால். அரண்மனையில் சுமார் ஒரு லட்சம் விளக்குகள் ஏற்றுவது ஞாயிறு மாலையும் அரசு விடுமுறை நாட்களிலும்தான். ஏழு மணிக்குச் சட்டென்று ஒரே நொடியில் எரியும்போது கூட்டம் ஓவென்று கத்தும், நானும் கத்தியிருக்கிறேன். தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸை வாஞ்சி மணியாச்சியில் பிடியுங்கள். சனிக்கிழமை மாலை ஏறினால் ஞாயிறு பகலில் ஊருக்குள் இருப்பீர்கள். அங்கும் மிருகக்காட்சிசாலை செவ்வாய்க்கிழமை மூடல். அரண்மனைக்குள் செருப்பு போட முடியாது என்பதால் கழற்ற எளிதான செருப்போடு போங்கள். தசராவின்போது போகாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆகவே சொல்லவில்லை.

சேரன்மகாதேவியிலிருந்து ஓர் அம்மா: காசிக்குப் போக வேண்டும் என்று பல வருட ஆசை. தனியாக, என் தங்கையோடு. பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை அம்மா. காசியில் நம் ஊர்க்காரர்கள் நானூறு வருடமாக இருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் போய் அமைத்த மடம் கேதார கட்டத்தில், அதாவது கேதாரப் படித்துறையில், இன்றும் இருக்கிறது. நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதி, அப்பா இறந்த பிறகு அத்தை வீட்டுக்குப் போய்த் தங்கிப் படித்தது அனுமன் கட்டத்தில். அந்தத் தெருக்களில் நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். நகரத்தார் சத்திரத்தில் நம் சாப்பாடும் கிடைக்கும். அறைக்கு முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள்.

கன்னியாகுமரியிலிருந்து நம் ஊர் வழியாக நேரே காசிக்கு வாரம் ஒருமுறை காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது, 2023 டிசம்பரில் தொடங்கியது. நடுவில் இறங்கி மாற வேண்டாம் என்பதே உங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. ஆடி, ஆவணியைத் தவிருங்கள். அந்த மாதங்களில் கங்கை பெருகிப் படித்துறைகள் மூழ்கிவிடும், படகுகளையும் நிறுத்திவிடுவார்கள். நம் குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்குவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாசி, பங்குனி நல்ல மாதங்கள்.

மாலை ஆரத்திக்குத் தசாசுவமேத கட்டத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதைவிட, விடியற்காலையில் படகில் ஏறிக் கரையைப் பார்ப்பது என் தேர்வு. கட்டணத்தை ஏறும் முன் பேசுங்கள். தலைக்கா, படகுக்கா என்று கேட்டுத் தெளிவாகப் பேசுங்கள். அங்கிருந்து சாரநாத் பத்துக் கிலோமீட்டர். நம் ரூபாய் நோட்டில் இருக்கும் நான்கு சிங்கத் தூணின் தலைப்பகுதி அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. எனக்கும் வெள்ளிக்கிழமைக்கும் என்ன பகையோ.

களக்காடு: ரயிலில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

முதல் இரவுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மறுநாள் பகலுக்குப் புளியோதரை. தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம். சொதியை ரயிலில் கட்டிக்கொண்டு வந்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். விருதுநகர் தாண்டும் முன் பெட்டி முழுவதும் அறிந்துவிட்டது.

டவுனிலிருந்து ஒரு தங்கச்சி: மும்பையில் அண்ணன் வீடு தாராவியில். ஒரு வாரம். என்ன பார்க்க?

தாராவியில் அண்ணன் இருந்தால் நீ பாதி திருநெல்வேலியில்தான் இறங்குகிறாய். மும்பையில் நேரம்தான் முக்கியம். காலை எட்டு முதல் பதினொன்று, மாலை ஐந்து முதல் ஒன்பது வரை உள்ளூர் ரயிலில் பெட்டி படுக்கையோடு ஏற நினைக்காதே. மற்ற நேரத்தில் பெண்கள் பெட்டியில் சுகமாகப் போகலாம். கேட்வே ஆப் இந்தியாவிலிருந்து படகில் எலிபெண்டா குகைக்குப் போ, திங்கட்கிழமை தவிர. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், ஆகவே அதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதே. மாதுங்காவில் பழைய தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ஒரு வாரத்தில் நாக்கு ஏங்கினால் அங்கே போ.

தென்காசி: கொச்சி?

இரவில் பாலருவி எக்ஸ்பிரஸ், காலையில் எர்ணாகுளம். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமையும் யூதர் ஜெபக்கூடம் வெள்ளி, சனி இரு நாளும் மூடல். நீர் மெட்ரோ படகில் ஒருமுறை போய் வாருங்கள். ஆனால் பாலருவி இரவில் மலையைக் கடப்பதால் செங்கோட்டை–புனலூர் பாதையின் சுரங்கங்களையும் பதின்மூன்று கண் பாலத்தையும் பார்க்க முடியாது. ஒருவழியாவது மதுரை–குருவாயூர் பகல் ரயிலில் உங்கள் ஊரிலேயே ஏறுங்கள்.

அம்பாசமுத்திரம்: மகள் சிங்கப்பூருக்கு அழைக்கிறாள். முதல் வெளிநாட்டுப் பயணம். பலகாரம், மசாலா எல்லாம் கொண்டுபோகலாமா?

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும். இல்லையென்றால் திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. விசாவும் வேண்டும். அதற்கு மேல், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

அல்வா, முறுக்கு, அப்பளம் தாராளமாகக் கொண்டுபோங்கள். கசகசாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நம் குருமாவுக்கு ருசி தரும் அந்தப் பொருள் அங்கே தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. அரைத்த மசாலாவில் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சூயிங்கமும் அப்படியே. மற்றபடி அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, ரயில் நிலையத்தில்கூடத் தமிழ் எழுத்தைப் பார்க்கலாம். மொழி தெரியாதே என்ற கவலையை விடுங்கள்.

பெருமாள்புரம்: நாங்கள் எங்கும் போகவில்லை அண்ணாச்சி. சென்னையிலிருந்து சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர் இரண்டு நாளுக்கு இங்கே வருகிறார்கள்!

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. இங்கே நம் எதிரி கிழமை அல்ல, நடுப்பகல். கோயில்கள் மதியம் நடை சாத்தி நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். ஆகவே முதல் நாள் விடிந்ததும் திருச்செந்தூர்ச் சாலையில் கிருஷ்ணாபுரம். அந்தச் சிலைகளைக் காலை வெளிச்சத்தில் பாருங்கள், விரல் நகம் வரை தெரியும். அங்கிருந்து ஆதிச்சநல்லூர். பிறகு ஸ்ரீவைகுண்டம் போனால் நடை சாத்தும் முன் பெருமாளைப் பார்த்துவிடலாம். மதியம் வீட்டில் சொதிச் சாப்பாடு, கட்டாயத் தூக்கம். சம்பந்திகள் தூங்கினால்தான் உங்களுக்கும் ஓய்வு. மாலையில் நெல்லையப்பர் கோயில், அதில் தாமிர சபையும் இசைத்தூண்களும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் இரண்டாம் நாள் குற்றாலம், விடியும் முன் கிளம்புங்கள். மலையில் மழை பெய்தால் குளிக்கத் தடை போடுவார்கள். தடுப்பைத் தாண்டி ஒரு நிமிடம் என்று யாரையும் விடாதீர்கள், தண்ணீர் சொல்லிவிட்டு வருவதில்லை. சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் அருவியில் கூடாது. மற்ற மாதங்கள் என்றால் பாபநாசம் போதும்.

டவுனில் கீழ ரத வீதி இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், வரிசையும் அப்போதே கூடிவிடும். அல்வாவை முதல் நாள் மாலையே, கோயிலுக்குப் போகும்போதே வாங்கிவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும் நாளில் வாங்கலாம் என்று வரிசையில் நின்ற என் மைத்துனர், ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தபோது நெல்லை எக்ஸ்பிரஸ் போய்விட்டிருந்தது. கையில் இரண்டு கிலோ அல்வா, சூடாக.