வாசகர் கேள்வி–பதில்: பச்சை மனிதன் எத்தனை வினாடி?

கேள்வி: எங்கள் புளோக்கிலிருந்து சந்தைக்குப் போகும் வழியில், பச்சை மனிதன் (நடப்போருக்கான பச்சை விளக்கு) அணைவதற்குள் மூத்தோரால் சாலையைக் கடக்க முடிவதில்லை. 200 பேரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். அதையே கொடுத்துவிடலாமா, இல்லை குடியிருப்பாளர்களே சேர்ந்து செய்யும் பங்கேற்பு ஆய்வு என்கிறார்களே, அதைச் செய்யலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: கையெழுத்திலிருந்து எத்தனை பேருக்குக் குறை என்பது தெரியும், அவ்வளவுதான். விளக்கின் நேரத்தை மாற்றும் பொறியாளருக்கு வேண்டியது வினாடிக் கணக்கு. ஆய்வையே செய்யுங்கள்.

எட்டுப் பத்து மூத்தோரைச் சேருங்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் இருக்கட்டும். கைத்தடியோடு நடப்பவர் ஒருவராவது வேண்டும். பதில் சொல்ல மட்டும் அவர்களை அழைத்தால் அது வழக்கமான கருத்துக்கணிப்பு. எதைக் கேட்பது, எப்படி அளப்பது, கிடைத்ததற்கு என்ன பொருள் என்ற மூன்றையும் அவர்களே முடிவுசெய்ய வேண்டும்.

சாலையின் அகலத்தை இணைய வரைபடத்தில் அளந்துகொள்ளுங்கள். நாடாவோடு சாலையில் இறங்க வேண்டாம். மூன்று வார நாள், ஒரு சனிக்கிழமை, காலை 7 முதல் 9 வரை நின்று பாருங்கள். ஒருவர் கால் வைத்த நொடி, பச்சை மின்னத் தொடங்கிய நொடி, அவர் மறுகரை ஏறிய நொடி, கையில் என்ன இருந்தது: நான்கையும் ஒரே தாளில் குறியுங்கள். அறுபது பேரைப் பார்த்தால் அந்தச் சாலைச் சந்திப்பைப் பற்றிப் பேசப் போதும். சிங்கப்பூர் மூத்தோர் எல்லாரையும் பற்றிப் பேசப் போதாது.

15 மீட்டர் சாலை என்று வையுங்கள். வினாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று கணக்கிடுவது பல நாடுகளில் வழக்கம், அதன்படி 12.5 வினாடி. 0.8 மீட்டர் நடப்பவருக்கு 18.75 ஆகும். குறைவது ஆறேகால் வினாடி. 2009இல் அறிமுகமான ‘கிரீன் மேன் பிளஸ்’ கருவியில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால், சாலையைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் சந்திப்பில் கருவி இல்லையென்றால் அதைக் கேளுங்கள்.

கருவி இருந்தும் அட்டையைத் தட்டாமல் போகிறார்களா? ஒரு கையில் தள்ளுவண்டி, மறுகையில் குடை, அட்டையோ பைக்குள் மீன் பொட்டலத்துக்கு அடியில். கேள்வித்தாள் தயாரிக்கும் இளைஞருக்கு இது தோன்றாது. தினமும் அந்த வண்டியைத் தள்ளும் பாட்டிக்குத் தோன்றும். கோரிக்கையும் அப்போது மாறிவிடும்: சந்தை நேரத்தில் மட்டும், தட்டாமலே கூடுதல் வினாடி.

முடிவுகளை முதலில் புளோக் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர்களுக்குக் காட்டித் திருத்துங்கள். பிறகு இரண்டே பக்கம், ஓர் அட்டவணை, ஒரே ஒரு கோரிக்கை. சாலை விளக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு, புளோக்கடி இருக்கை நகர மன்றத்தினுடையது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் கடிதம்தான் அலையும். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

கேள்வி: சாதாரண மக்கள் கூடிப் பேசிச் சொல்வதை ஆய்வென்று யார் ஏற்பார்கள்?
– வாசகர், ஜூரோங்

பதில்: அடிப்படைத் தேவைக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்று பொதுமக்கள் குழுக்களையே பேசி முடிவுசெய்யவைத்த ஆய்வு ஒன்று 2019இல் இங்கே வந்தது. தனியாக வாழும் 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு 1,379 வெள்ளி என்றது. குடும்பங்களைப் பற்றிய அடுத்த அறிக்கை 2021இல் வந்தபோது, முடிவுகள் குழுவில் இருந்தவர்களைப் பொறுத்தே அமைகின்றன என்று நிதியமைச்சு குறைசொன்னது. ஆனாலும் அந்தத் தொகைகள் இன்றுவரை பொது விவாதத்தில் அடிபடுகின்றன. இதே கேள்வி உங்களிடமும் வரும். யாரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், யார் வர மறுத்தார்கள், எதில் ஒத்துப்போகவில்லை என்பதை முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். ஒத்துப்போகாததை மறைக்கும் குழுக்கள்தான் மாட்டிக்கொள்கின்றன.

கேள்வி: பங்கேற்றவர்களுக்கு அன்பளிப்பாகப் பற்றுச்சீட்டு (வவுச்சர்) கொடுக்க அடையாள அட்டை எண் வாங்கலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். சட்டம் கேட்கும் சூழல்களைத் தவிர அமைப்புகள் அந்த எண்ணைச் சேகரிப்பதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் கட்டுப்பாடு உண்டு. பெயரும் கையொப்பமும் போதும். அந்தத் தாளை விடைத்தாள்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.